ராஜாவை இறக்கிவிட்ட மெட்டு

திருவாலங்காட்டுக்காரர்களுக்கு வாத்தியக் கோஷ்டி புதிதல்ல. காரைக்கால் அம்மையார் இங்கே பாடிய மூத்த திருப்பதிகத்தில் சச்சரி, கொக்கரை, தக்கை, துந்துபி, வீணை, மத்தளம், குடமுழா, மொந்தை என்று ஒரு முழுப் பட்டாளமே முழங்குகிறது. ஆடுகிறவர் இரத்தினசபைக்காரர், சுற்றி நிற்பவை பேய்கள். இப்போது சொல்லப்போவது அந்தப் பாட்டை அல்ல. கடல் தாண்டி வந்து, பக்கத்திலிருக்கும் திருத்தணி முருகனின் பக்தர் ஒருவர் கையில் வேறு உடை உடுத்தி, பிறகு ராக் மேடையும் ஏறிய ஒரு மெட்டின் கதை இது.

'காட் சேவ் தி கிங்' என்ற அந்த மெட்டுக்கு உறுதியான தகப்பன் பெயர் இல்லை. 1744-இல் லண்டனில் அச்சேறியது. மறு வருடம் ஸ்டூவர்ட் இளவரசன் படை திரட்டி வந்து, இரண்டாம் ஜார்ஜின் சிம்மாசனம் ஆட்டம் கண்ட செப்டம்பர் மாதத்தில், ட்ரூரி லேன் நாடக அரங்கில் தாமஸ் ஆர்ன் அமைத்த இசையோடு பாடினார்கள். சனங்களுக்குப் பிடித்துப்போனது. பிரஷ்யாக்காரர்கள் தங்கள் வரிகளைப் போட்டுக்கொண்டார்கள், அமெரிக்கர்களும் அப்படியே. லீக்டன்ஸ்டைன் நாட்டின் தேசிய கீதம் இன்றும் இந்த மெட்டுதான். பீத்தோவன் 1803-இல் இதை ஏழு விதமாகத் திருப்பிப் போட்டு பியானோவுக்கு எழுதினார்.

சென்னைக்கு அது கம்பெனிப் பட்டாளத்தின் பேண்டோடு வந்தது. கோட்டைக்கு வடக்கே மணலியில் முத்துகிருஷ்ண முதலியார் என்ற பெரிய மனிதர் இருந்தார். கவர்னர் பிகாட்டுக்குத் துபாஷி. திருவாரூரிலிருந்து ராமசாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு அழைத்துவந்து ஆதரித்தவர். முதலியார் வீட்டாரோடு தீட்சிதரின் பிள்ளைகள் கோட்டைக்குப் போய் பேண்டு வாசிப்பைக் கேட்டார்கள் என்பது குடும்ப வழக்கு. இளையவர் பாலுசாமி வெள்ளைக்காரரிடம் பிடில் கற்றுக்கொண்டார். நம் கச்சேரி மேடையில் வயலின் வந்து உட்கார்ந்ததற்கு அவரும் ஒரு காரணம். மூத்தவர் முத்துசாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார். நாற்பதை ஒட்டிய அந்த உருப்படிகளுக்கு நோட்டு ஸ்வரம் என்று பெயர்.

அவற்றில் 'சந்ததம் பாஹிமாம்' நம் கதாநாயகன். சங்கராபரணம்; அசைவு, கமகம் எதுவும் இல்லாமல் மூன்று மூன்றாக நடக்கிற மெட்டு. மந்தர நிஷாதத்தில் தொடங்கும் எல்லை தைவதத்தைத் தாண்டாது. சின்னப் பிள்ளைகளின் தொண்டைக்கு அளவெடுத்தது போல இருக்கும். விளம்ப காலத்தில் ராகத்தை நிதானமாக இழைத்துக் காட்டிய தீட்சிதர் இதையெல்லாம் செய்தாரா என்று முகம் சுளிக்கும் வித்வான்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூலப்பாட்டில் கூட்டமே கடவுளிடம் தன் ராஜாவுக்காக மன்றாடுகிறது. எதிரிகளைச் சிதறடிக்கச் சொல்கிறது. தீட்சிதர் ராஜாவை இறக்கிவிட்டு அந்த இடத்தில் சங்கீத சியாமளையை உட்காரவைத்தார். காப்பாற்றப்பட வேண்டியவர் இப்போது பாடுகிற ஆள்தான். எதிரிகளைக் காணோம். ஒரு ஸ்வரத்தையும் பெரிதாக அசைக்காமல் இவ்வளவையும் செய்த கவர் வெர்ஷன் வேறெங்கும் நான் கேட்டதில்லை.

காசிக்குப் போய்த் திரும்பிய தீட்சிதர் திருத்தணிக்கு வந்தார். முதியவர் உருவில் முருகன் வந்து வாயில் கற்கண்டு போட்டான் என்பது தலக்கதை. அங்கே பிறந்த 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' அவருடைய முதல் கிருதி என்பார்கள். குருகுஹ முத்திரை சில நோட்டு ஸ்வரங்களிலும் உண்டு. அதே மலையில் பிற்பாடு நடந்ததையும் சொல்லிவிடலாம். ஜனவரி முதல் தேதி வெள்ளைக்காரத் துரைகளைப் போய்க் கும்பிடுகிற வழக்கம் முருக பக்தரான வள்ளிமலை சுவாமிகளுக்கு உறுத்தியது. முதல் வணக்கம் தணிகைத் துரைக்கே என்று டிசம்பர் 31 இரவு படிக்கு ஒரு திருப்புகழ் பாடி ஏறவைத்தார். 365 படிகளிலும் அந்தப் படித்திருவிழா இன்றும் நடக்கிறது.

அதே தீட்சிதர் குடும்பத்து வாரிசான சுப்பராம தீட்சிதர் 1905-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ஆரம்பப் பாடப் புத்தகத்தில் நோட்டு ஸ்வரங்களைச் சேர்த்தார். அதே காலத்தில் மாகாணப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் இந்த மெட்டை ராஜாவோடு சேர்த்தே பாடிக்கொண்டிருந்தார்கள்.

பல பத்தாண்டுகள் கழித்து, மெட்டு புறப்பட்ட இங்கிலாந்தில் குயீன் என்ற ராக் குழு வந்தது. அதன் கிட்டார்காரர் பிரையன் மே 1974-இல் இந்த மெட்டைக் கிட்டார் மேல் கிட்டாராக அடுக்கிப் பதிவு செய்தார், வரிகளே கிடையாது. அடுத்த ஆண்டு வந்த 'எ நைட் அட் தி ஓப்பரா' இசைத்தட்டின் கடைசி உருப்படி அதுதான். கச்சேரி முடிந்து குழு தலைவணங்கும்போது ஒலிநாடாவில் அதைப் போடுவார்கள். பாடகர் பிரெடி மெர்க்குரி பார்சிக் குடும்பத்துப் பிள்ளை. பஞ்சகனி விடுதிப் பள்ளியில் 'ஹெக்டிக்ஸ்' என்ற மாணவர் குழுவில் அடுத்தவர் பாட்டுகளை வாசித்து வளர்ந்தவர். 1986-இல் அவரோடு குயீன் நடத்திய கடைசிச் சுற்றுப்பயணத்தில், இந்த மெட்டு ஒலிக்கக் கிரீடமும் அரச அங்கியும் தரித்து மேடையில் நின்றார். அது பக்தியா கேலியா என்று ரசிகர்கள் சண்டை போடலாம். என் கணிப்பில் இரண்டும் பாதிப் பாதி.

2002 ஜூன் 3 அன்று, எலிசபெத் ராணியின் பொன்விழாவுக்கு, பிரையன் மே பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் நின்று இதை வாசித்தார். 2022 செப்டம்பரில் ராணி மறைந்ததும் அங்கே அரசியை எடுத்துவிட்டு மறுபடி அரசரைப் பாட்டில் வைத்தார்கள். தீட்சிதரின் சாகித்தியத்தில் கைவைக்க யாருக்கும் வேலை வரவில்லை.