யாருடைய காதுக்கு?

என் அப்பத்தாவுக்கு மலேயாவிலிருந்து கடிதம் வரும். அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. மணமேல்குடியில் எங்கள் தெருமுனைக் கடைத்திண்ணையில் ஒருவர் அதை உரக்க வாசிப்பார். எவ்வளவு பணம் வந்தது, தாத்தாவுக்கு யார்மேல் கோபம் என்பதெல்லாம் அப்பத்தாவுக்குத் தெரியும்போதே தெருவுக்கும் தெரிந்துவிடும். சில இடங்களில் அவர் மனதுக்குள் படித்துச் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குத் தாண்டிவிடுவாராம். "அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு அந்த ஆளுக்குத்தான் தெரியும்" என்று அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பெண்கல்வியின் வரலாற்றைப் பள்ளிகளின், பட்டங்களின் வரலாறாகவே எழுதுகிறோம். தனக்கு வந்த கடிதத்தைத் தானே, தனியாக அறியும் உரிமையின் வரலாறாகவும் அதை எழுத வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் அந்த வரலாற்றின் பெரிய திருப்பம் அறிவொளி இயக்கம். 1991-92இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டையின் ஊர்தோறும் மாலை வகுப்புகள் நடந்தன. படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கல்லுடைப்பவர்களும் வயல்வேலை செய்பவர்களும் பகல் வேலை முடித்து வந்து உட்கார்ந்தார்கள். எழுத்தோடு சைக்கிளும் கற்றுத்தரப்பட்டது. பல்லாயிரக்கணக்கான பெண்கள் கேலியைப் பொருட்படுத்தாமல் சைக்கிளில் ஏறினார்கள். என் அம்மா அந்த வகுப்பில் எழுத்துக்கூட்டப் பழகினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கடிதம் எதுவும் திண்ணைக்குப் போகவில்லை.

முப்பது ஆண்டுகளில் சர்க்கரை நோய் அம்மாவின் பார்வையை மங்கவைத்தது. எழுத்தை வாசித்துக் காட்டும் செயலி ஒன்றை அவருடைய போனில் போட்டுக்கொடுத்தேன். மறுவாரம் அறந்தாங்கி பேருந்தில் போகும்போது குழுக்கடன் தவணை பாக்கி என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அம்மா தொட்டதும் போன் தொகையோடு சேர்த்து அதை உரக்கச் சொல்லிவிட்டது. முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா போனை முந்தானைக்குள் பொத்திக்கொண்டார். கடைத்திண்ணை கைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்ல முடியாது. வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவு இது. கேட்பவருக்குத் தனியறையும் காதில் மாட்டும் கருவியும் இருக்கும் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். போனைக் காதருகே வைத்தால் மட்டும் மெல்லப் பேசும்படி செய்திருக்கலாம். பணம், ஓடிபி போன்றவற்றைச் சொல்லுமுன் கேட்டுக்கொள்ளும்படியும் செய்திருக்கலாம். அம்மாவுக்கு அதிகம் வேண்டியிருந்தது, முந்தைய வாக்கியத்தை மறுபடி சொல்லவைக்கும் பெரிய பொத்தான். அந்தச் செயலியில் அது மூன்று திரைகளுக்கு உள்ளே இருந்தது.

பேசும் இயந்திரங்களின் வரலாற்றில் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று தேடினேன். 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் பெல் ஆய்வகம் 'வோடர்' என்ற இயந்திரத்தைப் பேசவைத்துக் காட்டியது. விசைகளையும் கால்மிதியையும் இயக்கி அதைப் பேசவைத்தவர்கள் தொலைபேசி ஆபரேட்டர்களாக இருந்த இளம்பெண்கள். அதற்குப் பழகவே ஏறக்குறைய ஓராண்டு ஆனது. வரலாறு முதலில் சொல்வது ஹோமர் டட்லியின் பெயரை. 1980களில் டெனிஸ் கிளாட் தன் குரலை மாதிரியாக வைத்து உருவாக்கிய ஆண்குரலை, பிறகு ஸ்டீபன் ஹாக்கிங்கின் குரலாக உலகம் கேட்டது. ஏவலுக்குக் காத்திருக்கும் போன் உதவியாளர்கள் வந்தபோது மட்டும் குரல் பெண்குரலானது. கட்டளைக்குப் பணியும் குரல் என்றால் பெண்குரல்தான் என்ற பழக்கத்தை 2019இல் யுனெஸ்கோ அறிக்கை ஒன்று கண்டித்தது.

தமிழைப் பேசவைப்பது எளிதல்ல. 'கடல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் எழுத்து ஒரே 'க'தான், ஒலி வேறுவேறு. நமக்குப் பழக்கத்தில் வருவதை இயந்திரத்துக்குச் சொல்லித்தர வேண்டும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் ஹேமா மூர்த்தி பல நிறுவனங்களைச் சேர்த்துத் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு இந்த வேலையை ஆண்டுக்கணக்கில் செய்திருக்கிறார். பார்வையற்ற மாணவிகள் பிறர் தயவின்றிப் படிக்க இத்தகைய உழைப்பு வழிசெய்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் குரல் உருவானதோடு வேலை முடிவதில்லை. அறிவொளி வகுப்புகள் பெண்கள் வேலை முடித்து வரும் நேரத்துக்கு நடந்தன. யார் வருவார்கள், எப்போது வருவார்கள், எதற்கு வெட்கப்படுவார்கள் என்று யோசித்ததால்தான் பெண்கள் வந்தார்கள். செயலி செய்பவர்களும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

குறுஞ்செய்திகளைத் தானாக வாசிக்கும் வசதியை நிறுத்தி, குரலின் வேகத்தைக் குறைத்து, காதில் மாட்டும் கருவி ஒன்றும் வாங்கிக்கொடுத்தேன். ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து தம்பி எழுதியதை அம்மா தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மாறியது. மறுபடி கேட்டார், பிறகு இன்னொருமுறை.

"என்னம்மா எழுதியிருக்கான்?" என்றேன்.

"அது எனக்கு எழுதுனது" என்றார்.