பட்டு இழையும் பலபடிச் சங்கிலியும்

ஆரணியில் நெய்யப்படும் பட்டு இயற்கையான பலபடி ஆகும். அதன் பைப்ராயின் புரதத்தின் பெரிய சங்கிலியில் 5,000-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் உள்ளன. இத்தகைய பொருள்கள் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளே என்று 1920-இல் செருமானிய வேதியியலாளர் எர்மான் இசுடாடிங்கர் கூறியதைப் பலர் ஏற்கவில்லை. 1953-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

மெழுகும் பாலித்தீனும் ஒரே வகைக் கார்பன் சங்கிலிகளே. மெழுகின் சங்கிலி குட்டையானது, உடைகிறது. பாலித்தீனின் சங்கிலி மிக நீளமானது, பையாகிப் பளு தாங்குகிறது. 1930-இல் அமெரிக்காவில் வாலசு கரோதர்சு குழுவினர் சங்கிலியை நீட்டிய பின்னரே செயற்கைப் பலபடியை வலிய இழையாக இழுக்க முடிந்தது. 1935-இல் நைலான் பிறந்தது.

கச்சாப் பட்டின் செரிசின் பசையை நீக்க, சோப்பும் சோடாவும் கலந்த நீரில் நூலை வேகவைப்பர். சோடாவோ நேரமோ மிகுந்தால் பைப்ராயின் சங்கிலியும் அறுபடும். நூல் வலுவிழந்து தறியில் அறுந்துபோகும்.