காவிரி வெள்ளமும் புகலிடமும்

மோகனூரார்க்குக் காவிரியே வாழ்வு; சிற்சில காலத்து அதுவே இடுக்கணுமாம். 1924 சூலைத் திங்களிற் பெருகிய வெள்ளம் கரையூர்கள் பலவற்றை அழித்தது. 1934-இல் மேட்டூர் அணை நிறைவெய்தியது. ஆயினும், 120 அடி நிரம்பியபின் வரும் நீரை அவ்வணை தேக்கமாட்டாது. ஆதலின் அச்சம் முற்றும் நீங்கிற்றிலது. 2018 ஆகஸ்டில் மிகுநீர் பெருகியபோது குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோரக் குடும்பங்கள் மனைவிட்டுப் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தங்கின.

நம் முன்னோர் வழிச்செல்வார்க்குச் சத்திரமும் சாவடியும் சமைத்தனர். வழிப்போக்கன் மறுநாட் புறப்படுவான். மனையிழந்த குடும்பமோ செல்லுமிடமின்றி நிற்கும். அதற்குக் கூரையோடு சோறும், மகளிர்க்கு மறைவும், மகார்க்குப் பாலும் வேண்டும். பள்ளி மீளத் திறந்தால் அவர் யாண்டுச் செல்வர்? அன்பர்காள்! நம் மண்டபக் கதவு மணநாட்கேயன்றி வெள்ளநாட்கும், குலம் வினவாது, திறத்தல் வேண்டும்.