கேம் மாஸ்டரின் விதி அதிகாரம்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரம் ஏற்று ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளில், விதிகளுக்குப் பொருள் சொல்லவும், தேவைப்பட்டால் அவற்றை மாற்றவோ ஒதுக்கவோ ஆட்டத்தை நடத்துபவருக்கு உள்ள உரிமை. பிரஷ்ய ராணுவத்தின் போர்ப்பயிற்சி ஆட்டமான கிரீக்ஸ்பீலே இதற்கு முன்னோடி. 1824-இல் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட அதன் விதிநூலில் நடுவர் இருந்தாலும் அட்டவணையும் பகடையும் அவரைக் கட்டிப்போட்டன. 1876-இல் வெர்டி டு வெர்னுவா அவற்றை ஓரங்கட்டி, அனுபவமுள்ள அதிகாரியின் தீர்ப்பே போதும் என்றார்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ரோல்பிளேயிங் விளையாட்டு தன் விதிகளை வழிகாட்டிகள் என்றே அறிமுகப்படுத்தியது. அதற்கு வேறு வழியும் இல்லை. படிக்கட்டில் எண்ணெய் ஊற்றித் தீ வைக்கிறேன் என்று ஓர் ஆட்டக்காரர் சொன்னால், எத்தனை அரக்கர்கள் வழுக்கி விழுவார்கள் என்பதை எந்த நூலும் முன்கூட்டி எழுதிவைக்க முடியாது. யாராவது ஒருவர் அங்கேயே முடிவு செய்தாக வேண்டும். இவ்வுரிமையை ஆட்டக்காரர்கள் பின்னாளில் ‘ரூல் ஜீரோ’ என்றார்கள்.

ஆட்டக்காரர்கள் பார்க்காதபடி தடுப்பட்டைக்குப் பின்னால் உருட்டிய பகடையின் எண்ணை நடத்துபவர் மாற்றிச் சொல்வதுதான் இவ்வுரிமை பற்றிய ஓயாத சர்ச்சை. கதையைக் காப்பாற்றவே என்பது ஒரு வாதம். பிறகு உருட்டுவானேன் என்ற எதிர்க்கேள்விக்குத்தான் வலு அதிகம். இவ்வுரிமையைக் கட்டுப்படுத்திய விளையாட்டுகளும் உண்டு. 2010-இல் வந்த ‘அபோகாலிப்ஸ் வேர்ல்டு’, நடத்துபவர் செய்ய வேண்டியவற்றையே விதிகளாக்கியது. ‘ஃபியாஸ்கோ’வில் (2009) கேம் மாஸ்டரே கிடையாது.