நேரம் சரியில்லையா, ஆட்டம் சரியில்லையா?

ஹாஸ்டல்ல இருந்தப்போ நாங்க போக்கர் ஆடுவோம். காசு கிடையாது, மேரி பிஸ்கட்தான் சிப்ஸ். ஒரு ராத்திரி என் கையில ரெண்டு ஏஸ். இருந்த பிஸ்கட் மொத்தத்தையும் நடுவுல தள்ளிட்டேன். எதிர்ல இருந்தவன் கையில ரெண்டு எட்டு. கடைசியா இன்னொரு எட்டு வந்து விழுந்துச்சு. "நேரமே சரியில்லடா"ன்னு ஒரு வாரம் புலம்பினேன். அதே ராத்திரி அதுக்கு முன்னாடி மூணு கை ஒண்ணும் யோசிக்காம ஆடித் தோத்தேன். அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லல.

ஜெயிச்சா திறமை, தோத்தா நேரம். இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் உண்மை? போக்கர் டோர்னமென்ட் உலகம் அம்பது வருஷத்துக்கு மேல இந்தக் கேள்வியோட மல்லுக்கட்டிட்டு இருக்கு. இன்னைக்கு அந்தக் கதை.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். டெக்ஸஸ் ஹோல்டெம்ல ஆளுக்கு ரெண்டு சீட்டு, மறைச்சு வெச்சுக்கணும். நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு. முதல்ல மூணு, அப்புறம் ஒண்ணு, கடைசியா ஒண்ணு. மொத்தம் ஏழுல சிறந்த அஞ்சு உங்க கை. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், இல்ல சீட்டைக் கவிழ்த்துட்டு ஒதுங்கலாம்.

1970. லாஸ் வேகஸ்ல பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ கேசினோ. முதல் 'வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்' அங்கதான் நடந்தது. வெற்றியாளரை எப்படி முடிவு பண்ணாங்க தெரியுமா? ஓட்டுப் போட்டு! பல ஆட்டங்கள் ஆடி முடிச்ச பிறகு, அங்கிருந்த ஆட்டக்காரர்களே சிறந்தவர்னு ஜானி மாஸைத் தேர்ந்தெடுத்தாங்க. இப்போ கேட்டா சிரிப்பு வரும். ஆனா ஒரு விதத்துல அது நியாயமான அளவுகோல். கூட உட்கார்ந்து ஆடினவங்களுக்குத்தான் யார் நல்லா ஆடினாங்க, யாருக்குச் சீட்டு நல்லா விழுந்துச்சுன்னு தெரியும்.

அடுத்த வருஷமே முறை மாறுச்சு. சிப்ஸ் தீர்ந்தா வெளியே, கடைசி வரை இருக்கிறவர் சாம்பியன். 1971-லயும் ஜெயிச்சது மாஸ்தான். ஆனா இந்த மாற்றம் அதிர்ஷ்டத்தோட எடையை ஏத்திடுச்சு. ரெண்டு ஏஸ், ரெண்டு எட்டை சுமார் 80 சதவீதம் ஜெயிக்கும். அதே அளவு சாதகமான நிலைமையில நாலு தடவை மொத்தத்தையும் தள்ளுறீங்கன்னு வைங்க. நாலிலும் தப்பிக்க வாய்ப்பு 41 சதவீதம்தான். ஒரு தப்பும் பண்ணாமலே பாதிக்கு மேற்பட்ட தடவை வீட்டுக்குப் போவீங்க. அதனால ஒரு டோர்னமென்ட்ல தோத்ததை மட்டும் வெச்சு யாரையும் எடை போட முடியாது. ஜெயிச்சதை வெச்சும் முடியாது.

அடுத்த திருப்பம் 1999, பிரிட்டன். 'லேட் நைட் போக்கர்' டிவி நிகழ்ச்சியில மேஜைக்கு அடியில கேமரா வெச்சு, மறைச்சு வெச்ச சீட்டையும் காட்டினாங்க. அதுவரைக்கும் தோத்தவர் சொல்றதுதான் கதை. இப்போ வீட்டுல இருக்கிறவருக்கே எல்லாம் தெரியுது.

2003 வேர்ல்ட் சீரிஸ் மெயின் ஈவென்ட். 839 பேர், நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். அதுல டென்னசியைச் சேர்ந்த 27 வயசு அக்கவுன்டன்ட் கிறிஸ் மணிமேக்கர், ஆன்லைன் தகுதிப் போட்டி வழியா நூறு டாலருக்கும் குறைவான செலவுல உள்ளே வந்தவர். பத்துப் பேர் மிச்சம் இருக்கும்போது எதிர்ல ஃபில் ஐவி.

ஐவி கையில ரெண்டு ஒன்பது. மணிமேக்கர் கையில ஏஸ், குயின். நடுவுல குயின், குயின், ஆறு. மணிமேக்கருக்கு மூணு குயின். நாலாவது சீட்டு ஒன்பது. இப்போ ஐவிக்கு ஃபுல் ஹவுஸ், அவர் முந்திட்டார். அங்கதான் மொத்த சிப்ஸும் உள்ளே போச்சு. தெரிஞ்ச எட்டு சீட்டு போக மிச்சம் 44. அதுல மணிமேக்கரைக் காப்பாத்துறது ஏழே ஏழு: மூணு ஏஸ், ஒரு குயின், மூணு ஆறு. ஐவிக்கு 84 சதவீதம் சாதகம். வந்தது ஏஸ். ஐவி வெளியே. இது சுத்தமான துரதிர்ஷ்டம், கேமராவே சாட்சி.

ஆனா கேமரா எல்லாத்துக்கும் சாட்சி சொல்லாது. கடைசியா மிஞ்சின ரெண்டு பேர் மணிமேக்கரும் சாம் ஃபர்ஹாவும். ஒரு கையில மணிமேக்கர்கிட்ட ஒண்ணுமே இல்ல. ஸ்பேட் ஃப்ளஷ்ஷுக்குக் காத்திருந்தார், வரல. இருந்தும் மொத்த சிப்ஸையும் தள்ளினார். ஃபர்ஹா கையில ஒரு ஜோடி ஒன்பது. ரொம்ப நேரம் யோசிச்சுட்டு சீட்டைக் கவிழ்த்துட்டார். கொஞ்ச நேரத்துல ஆட்டம் முடிஞ்சது. மணிமேக்கர் சாம்பியன், பரிசு 25 லட்சம் டாலர்.

டிவி பார்த்தவங்க எல்லாருக்கும் ஃபர்ஹா பண்ணது தப்புன்னு தோணும். நமக்குத்தான் ரெண்டு கையும் தெரியுதே! அவருக்குத் தெரிஞ்சது தன் சீட்டும், நடுவுல கிடந்த மூணு ஸ்பேடும், முகம் இறுகி உட்கார்ந்திருந்த ஒரு புது ஆளும்தான். 1987-ல 'தி தியரி ஆஃப் போக்கர்' புத்தகத்துல டேவிட் ஸ்க்லான்ஸ்கி, எதிராளி சீட்டு தெரிஞ்சிருந்தா எப்படி ஆடியிருப்பீங்களோ அதிலிருந்து விலகுறதெல்லாம் உங்களுக்கு நஷ்டம்னு வரையறுத்தார். கணக்கா பார்த்தா சரி. ஆனா பிற்பாடு வந்த சால்வர் மென்பொருள்கள் கேள்வியையே மாத்திடுச்சு. எதிராளிகிட்ட இருக்கக்கூடிய எல்லாக் கைகளுக்கும் சேர்த்து எது நல்ல முடிவு? அப்படிப் பார்த்தா, ஜெயிக்கிற கையைச் சில நேரம் கவிழ்க்கிறதும் சரியான ஆட்டத்துல ஒரு பகுதி. ஒருபோதும் ஏமாறாத ஆள், எதிராளி நிஜமாவே பெரிய கை வெச்சிருக்கும்போதும் காசு கொடுத்துட்டே இருப்பார்.

அதனால நல்ல ஆட்டக்காரர்கள் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: சிப்ஸ் உள்ளே போன நொடியில எனக்கு என்ன தெரியும்? அதுக்கப்புறம் வந்த சீட்டு கணக்குல வராது.

நம்ம ஊருக்கும் இதுல பங்கு இருக்கு. தமிழ்நாட்டோட ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்ட வழக்குல, 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த ஆட்டங்கள்னு சொல்லுச்சு. 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டம், திறமையா அதிர்ஷ்டமான்னு பார்க்காமலே பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செஞ்சது. வழக்கு எப்படிப் போனாலும் ஒரு விஷயம் மாறாது. ஆட்டத்துல திறமை இருக்குங்கிறதும், எனக்கு அந்தத் திறமை இருக்குங்கிறதும் வேற வேற. நாலு நாள் ஜெயிச்சுட்டு இந்த ரெண்டையும் குழப்பிக்கிறவங்கதான் சம்பளம், சேமிப்பு, கடன்னு ஒண்ணொண்ணா உள்ளே தள்ளுறாங்க.

எங்க வேலையிலயும் இதே கதைதான். டெஸ்ட் பண்ணாம வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோட் தள்ளி, ஒண்ணும் ஆகலன்னா யாரும் கேள்வி கேக்கறதில்ல. அது மோசமான ஆட்டம், நல்ல நேரம். இந்தக் கலவையைப் பத்தி யாரும் புலம்ப மாட்டாங்க, அதனாலதான் அது ஆபத்து.

அந்த ஹாஸ்டல் ராத்திரிக்கு வரேன். ரெண்டு ஏஸ் வெச்சு மொத்தத்தையும் தள்ளினது சரி. இன்னைக்கும் தள்ளுவேன். நான் திரும்ப யோசிச்சிருக்க வேண்டியது அதுக்கு முன்னாடி ஆடின அந்த மூணு கையைத்தான். அதுல என்ன சீட்டு இருந்துச்சுன்னு இப்போ எனக்கு ஞாபகமே இல்ல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.