உஹூராவின் பாடல்: ஒரு துணைப் பாத்திரத்தின் வரலாறு

ஒரு கதையில் யார் தலைமை ஏற்பது, யார் பின்னே நிற்பது என்பதை ஆசிரியனின் கற்பனை மட்டும் தீர்மானிப்பதில்லை. அக்கற்பனையை ஈன்ற சமுதாயமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது. வருங்காலத்தைக் காட்டுவதாகக் கூறும் விஞ்ஞானப் புனைகதையும் இதற்கு விலக்கன்று. ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம்.

1966 ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஸ்ரார் ட்ரெக்’ என்னும் தொடர் ஆரம்பமாயிற்று. கறுப்பின மக்களின் நெடிய போராட்டத்தின் பயனாகக் குடிசார் உரிமைச் சட்டம் 1964 இலும், வாக்குரிமைச் சட்டம் 1965 இலும் நிறைவேறியிருந்த காலம் அது. ஆபிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்த காலமும் அதுவே. கென்யா 1963 இல் சுதந்திரம் அடைந்தது. தொடரில் விண்கலத்தின் தொடர்பாடல் அதிகாரியாக வந்த கறுப்பினப் பெண்ணுக்கு ‘உஹூரா’ என்று பெயர். சுவாகிலி மொழியில் விடுதலையைக் குறிக்கும் ‘உஹுரு’ என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

ஆனால் பெயரிலே இருந்த விடுதலை பாத்திரத்திலே முழுமையாக இருந்ததா? பிறர் அனுப்பும் செய்தியைக் கேட்பதும் கப்பல் தலைவனுக்கு அதனை அறிவிப்பதுமே பெரும்பாலும் அவளது பணியாயிருந்தது. அவளது முழுப்பெயர் திரையில் ஒலிப்பதற்கு 2009 ஆம் ஆண்டுத் திரைப்படம் வரை நாற்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்பாத்திரத்தை ஏற்று நடித்த நிஷெல் நிக்கொல்ஸ், முதற்பருவம் முடிந்ததும் விலகிவிட எண்ணினார். மாட்டின் லூதர் கிங்கே தம்மைச் சந்தித்துத் தொடர்ந்து நடிக்குமாறு வற்புறுத்தினார் எனப் பிற்காலத்தில் அவர் கூறினார். ஒரு நாற்காலியில் கௌரவத்துடன் அமர்ந்திருப்பதுகூட அன்று ஓர் அரசியற் செயலாயிருந்தது.

தொடரின் வழிவந்த நாவல் வரிசையில் 1985 இல் வெளியானது ஜனெற் கேகன் எழுதிய ‘உஹூராவின் பாடல்’. ஒரு கிரகத்தில் கொள்ளைநோய் பரவுகின்றது. அங்கு வாழ்வோரின் மூதாதையர் முன்னொரு காலத்தில் வேறொரு கிரகத்திலிருந்து வந்தவர்கள். நோய்க்கான மருந்து அப்பழைய தாயகத்தில் இருக்கலாம். ஆயின் அதன் இடத்தை அறிவார் இல்லை. அக்குலத்தைச் சேர்ந்த தன் தோழியிடம் உஹூரா முன்பு கற்ற பழம் பாடல்களே வழிகாட்டியாகின்றன. படைக்கலமும் பொறியும் தராத விடையை மக்களின் வாய்மொழி மரபு தருகின்றது. பிறர் சொல்லைக் கேட்டுக் கடத்துவதே அவள் தொழில் என்று பின்னே வைக்கப்பட்டாள் அல்லவா? அந்தக் கேட்கும் ஆற்றலே இங்கு அறிவாகவும் தலைமையாகவும் மாறுகின்றது.

குறையையும் நாம் மறைத்தலாகாது. ஆசிரியை புதிதாகப் படைத்த இவான் வில்சன் என்னும் மருத்துவர் கதையின் பெரும் பகுதியைத் தம்வசப்படுத்திக் கொள்கின்றார். தன் பெயர் தாங்கிய நூலிலும் உஹூரா தன் இடத்தைப் பிறருடன் பங்கிட வேண்டியவளாகின்றாள். நூலட்டையில் பெயர் பொறிப்பது எளிது; கதையின் நடுவிடத்தை விட்டுக்கொடுப்பது அத்துணை எளிதன்று.

எனினும் வரலாறு நூலட்டையோடு நிற்கவில்லை. 1977 இல் நிக்கொல்ஸ் நாசா நிறுவனத்துக்காகப் பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்வெளி வீரர் பணிக்கு அழைக்கும் முயற்சியில் இறங்கினார். 1978 இல் தெரிவான முப்பத்தைவருள் அறுவர் பெண்கள், மூவர் கறுப்பினத்தவர். சிறு வயதில் உஹூராவைத் திரையிற் கண்டு ஊக்கம் பெற்ற மே ஜெமிசன், 1992 இல் விண்வெளி சென்ற முதலாவது கறுப்பின அமெரிக்கப் பெண்ணானார்.

துணைப் பாத்திரம் முன்னரங்குக்கு வருவது எழுத்தாளரின் கருணையால் மட்டும் நிகழ்வதன்று. வீதியில் மக்கள் நடத்திய போராட்டமே அதற்கு இடம் சமைத்தது; இலக்கியம் பிந்தி வந்தே அதனைப் பதிவு செய்தது. ஆதலின் ஒரு நாவலை மாணவருக்குக் கற்பிக்கும்போது, தலைவன் யார் என்று வினவுவதோடு நாம் அமைதல் கூடாது. பின்னே நிற்பவர் யார், அவரை அங்கு நிறுத்தியது எது என்றும் வினவுதல் வேண்டும்.