மூச்சுக்கு விலை

மாசி மாதம் பத்திரகாளியம்மன் திருவிழாவுக்கு மேச்சேரி போயிருந்தேன். பெரியப்பா மகன் வீட்டில் தங்கல். அண்ணன் ஒரு காலத்தில் நூறு செம்மறிகளைக் கரடு கரடாக மேய்த்து வந்தவர். ஊர்ப் பெயராலேயே வழங்கும் அந்தச் செந்நிற மேச்சேரி ஆடுகளுக்குச் சரியாக நடப்பார். இப்போதோ, வீட்டு வாசலிலிருந்து தெருமுனை போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார்.

எட்டு வருஷத்துக்கு முன் அவருக்குக் கழுத்தில் நெறி கட்டியது. ஹாட்ஜ்கின் என்னும் நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். நோய் போயிற்று, இன்றுவரை திரும்பவில்லை. ஆனால் நான்காம் மாதத்தில் தொடங்கிய வறட்டு இருமலை அவர் யாரிடமும் சொல்லவில்லை. "அத்தனை பெரிய வியாதிக்கு வைத்தியம் பார்க்கிறவங்ககிட்டப் போய் இருமலைச் சொல்லுவாங்களா, தம்பி?" என்பது அவர் வாதம்.

இப்போது குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அண்ணி பழைய மஞ்சள் பை ஒன்றைக் கொண்டு வந்தாள். "இந்தச் சீட்டையெல்லாம் அடுப்பிலே போட்டுடட்டுங்களா?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். ஒரு சீட்டில் பிளியோமைசின் என்ற பெயர் இருந்தது. "வேண்டாம் அண்ணி, இதைப் பத்திரமாக வையுங்கள்" என்றேன். ஏன் என்பதற்கு ஒரு சரித்திரமே சொல்ல வேண்டியிருந்தது.

புற்றுநோய்க்கு மருந்து தேடிய கதையில் நம் சென்னைக்கும் பங்குண்டு. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் குழு ஆக்கிய அமினாப்டெரின் மருந்தை, பாஸ்டனில் சிட்னி பார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று 1948 ஜூனில் எழுதினார். அதே ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அமினாப்டெரினுடன் பிறந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதுவும் சிலருக்கு நுரையீரலை அழற்சி கொள்ளச் செய்யும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

முதல் எச்சரிக்கை வேறொரு மருந்திலிருந்து வந்தது. நாட்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு 1950களில் புசல்பான் கொடுத்து வந்தார்கள். அதைச் சாப்பிட்டவர்களின் நுரையீரலில் தழும்பு விழுவதை 1961ல் அமெரிக்க வைத்தியர்கள் கண்டு எழுதினார்கள். நோயைக் கொல்லும் மருந்து மூச்சையும் குறைக்கும் என்று உலகம் உணரத் தொடங்கியது அப்போதுதான்.

பிளியோமைசின் ஜப்பானில் பிறந்தது. நிலக்கரிச் சுரங்கத்து மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரியிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1966ல் அறிவித்தவர் ஹமாவோ உமேசாவா. அது இரும்போடும் ஆக்ஸிஜனோடும் சேர்ந்து புற்றணுவின் மரபிழையை அறுத்துவிடும். நம் உடம்பின் பெரும்பாலான உறுப்புகளில் இந்த மருந்தை முறித்துப் போடும் நொதி ஒன்று உண்டு. தோலிலும் நுரையீரலிலும் அது மிகக் குறைவு. நுரையீரலிலோ ஆக்ஸிஜனுக்குப் பஞ்சமே இல்லை. ஆகையால் அங்கே புண் உண்டாகிறது. புண் ஆறும்போது தழும்பாகிறது. பஞ்சுபோல் விரியவேண்டிய நுரையீரல் விறைத்துப்போகிறது. மொத்த அளவு 400 யூனிட்டைத் தாண்டினால் ஆபத்து மிகும். வயதானவர்களுக்கும், சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் அதிகம். குறைந்த அளவிலும் சிலருக்கு வருவதுண்டு. முதல் அடையாளம் பெரும்பாலும் வறட்டு இருமல்தான். அப்போதே சொன்னால் மருந்தை நிறுத்தலாம்.

அறுவை சிகிச்சைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பிளியோமைசின் பெற்றிருந்த ஐந்து பேர், பின்னர் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூச்சு முட்டி இறந்ததையும், மயக்கத்தின்போது ஆக்ஸிஜனைக் குறைத்துக் கொடுத்த பின் வந்தவர்கள் பிழைத்ததையும் நியூயார்க் வைத்தியர்கள் 1978ல் வெளியிட்டார்கள். நரம்பு வழி ஏற்றும் திரவமே பெரிய காரணம் என்று பின்னால் வாதித்தவர்களும் உண்டு. ஆனாலும் இன்றும் கவனமுள்ள மயக்க மருத்துவர், இந்த மருந்தின் பெயரைக் கேட்டதும் தேவைக்கு மேல் ஆக்ஸிஜன் கொடுக்கத் தயங்குவார். கேட்டால்தானே தயங்குவார்? சொல்ல வேண்டியவர் நோயாளி.

"அப்போ அந்த மருந்தே தப்புங்களா?" என்று அண்ணி கேட்டாள். நான் பதில் தேடுவதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"அது இல்லாட்டி எட்டு மாசியை நான் பார்த்திருப்பேனா?"

விலை கொடுத்துத்தான் உயிரை வாங்கினார். அந்த விலை எவ்வளவு என்று முன்கூட்டியே யாராவது அவருக்குப் புரியும்படி சொல்லியிருந்தால், இருமிய அன்றே அவர் வாய் திறந்திருப்பார். என் வருத்தம் அவ்வளவுதான்.

மறுநாள் நான் பஸ் ஏறும்போது அண்ணன் தெருமுனைவரை வந்தார். இரண்டு இடத்தில் நின்றுதான் வந்தார். அவர் கக்கத்தில் அந்த மஞ்சள் பை இருந்தது. "மயக்க டாக்டர்கிட்டே முதல்லே இதைத்தான் நீட்டுவேன், தம்பி" என்றார்.